62 ஆட்டத்தில் 61 வெற்றி: எதிரணிகள் சோப்ளாங்கியா?

கேள்வி, 9 ஜூன் 2023

ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துப் பெண்கள் சாஃப்ட்பால் அணி தொடர்ந்து மூன்றாவது வருடமாகக் கோப்பை வாங்கியிருக்கிறது என்று செய்தி பார்த்தேன். 62 ஆட்டத்தில் 61 வெற்றியாம். இப்படி ஒரு கணக்கு வருகிறதென்றால் எதிரில் ஆடியவர்கள் எல்லாம் சோப்ளாங்கி என்றுதானே அர்த்தம்? போட்டியே இல்லாத இடத்தில் ஜெயிப்பதில் என்ன சுவாரசியம்? ஆட்டம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

9 ஜூன் 2023, இரவு

சோப்ளாங்கி இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் இந்த ஆட்டம் ஆடியவள் நான். கேட்ச்சர், கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி. இப்போது டல்லஸ் பக்கம் குடியிருக்கிறேன், இந்த அணியின் ஊரான நார்மன் காரில் மூன்று மணி நேரம். பிப்ரவரியிலிருந்து இந்த சீசனை விடாமல் பார்த்தேன். தூங்கப் போகும் முன் கணக்கை மட்டும் வைத்துவிடுகிறேன்.

முதல் எட்டு ஆட்டம் வெற்றி. பிப்ரவரி 19 அன்று டெக்சாஸ் மாநிலம் வேகோவில் பேய்லர் பல்கலைக்கழகத்திடம் 4-3 தோல்வி. அதற்கப்புறம் 53 ஆட்டம், அத்தனையும் வெற்றி. நேற்று ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை 3-1 என்று ஜெயித்து முடித்தார்கள். அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் இதற்கு முன் தொடர் வெற்றிச் சாதனை 47. அரிசோனா பல்கலைக்கழகம் ஒரே சீசனில் செய்தது.

தள்ளி நின்று பார்த்தால் புதுத் தார் ரோடு மாதிரி வழவழவென்றுதான் தெரியும். உள்ளே எத்தனை குண்டு குழி என்று நாளைக்கு எழுதுகிறேன்.

10 ஜூன் 2023, காலை

கிரிக்கெட் மட்டும் பார்த்தவர்களுக்காக முதலில் கொஞ்சம். பேரில்தான் சாஃப்ட். பந்து கல் மாதிரி இருக்கும். சுற்றளவு 12 அங்குலம், கிரிக்கெட் பந்து ஒன்பதுக்குள். கையை மேலே தூக்கி எறிய மாட்டார்கள், தோளிலிருந்து ராட்டினம் மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்புக்குப் பக்கத்தில் விடுவார்கள். பந்து போடும் பிட்ச்சருக்கும் பேட் பிடிப்பவருக்கும் நடுவில் 43 அடி. கிரிக்கெட் பிட்ச் 66 அடி என்பதை நினைத்துப் பாருங்கள். நல்ல பிட்ச்சர் மணிக்கு 110 கிலோமீட்டர் போடுவார். அரை நொடிகூட இல்லை, அதற்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். ஒரு அணிக்கு ஏழு இன்னிங்ஸ், மூன்று பேர் அவுட்டானால் ஒரு இன்னிங்ஸ் முடியும். நான்கு பேஸையும் (ஓடித் தொட வேண்டிய இடங்கள்) சுற்றி வந்தால் ஒரு ரன். ஐந்து முடிந்த பிறகு எட்டு ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

கேட்ச்சர் குத்தவைத்து உட்கார்ந்து இதையெல்லாம் வாங்க வேண்டும். இடது உள்ளங்கையில் ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஒரு இடம் உண்டு, பந்து அங்கேதான் விழும். முதல் வாரம் சிவக்கும், இரண்டாம் வாரம் வீங்கும், அப்புறம் தோல் தடித்து ஒன்றும் தெரியாது. இருபது வருடம் கழித்தும் என் கையில் அந்தத் தடிப்பு இருக்கிறது. சப்பாத்தி தேய்க்கும்போது கட்டை அங்கே உரசும்.

இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு பிட்ச்சர் நன்றாக வாய்த்துவிட்டால் சாதாரண அணிகூட அன்றைக்குப் பெரிய அணியைக் கவிழ்த்துவிடும். அதனால்தான் 53 என்ற எண் எனக்கு மலைப்பாக இருக்கிறது. நம்முடைய ஒரு நாள் மோசமாக இருக்கலாம், எதிராளியின் ஒரு நாள் அபாரமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து வரும் நாள் 53 ஆட்டத்தில் ஒன்றாவது வராமல் போகாது. வந்தது. மே 27. அதை நிதானமாக எழுத வேண்டும்.

10 ஜூன் 2023, மதியம்

திருத்தம். அரிசோனாவின் 47 ஒரே சீசனில் இல்லை, 1996, 1997 இரண்டு சீசனிலும் தொடர்ந்து வந்தது. தப்பாக எழுதிவிட்டேன். ஓக்லஹோமாவின் 53 இந்த ஒரே வருடத்துக்குள் வந்தது. அப்படியானால் நேற்றுச் சொன்னதைவிடப் பெரிய விஷயம்.

11 ஜூன் 2023

மே 27, சனிக்கிழமை. உலகத் தொடர் என்று இவர்கள் சொல்லும் கடைசி எட்டு அணிகளின் போட்டிக்கு முந்தைய சுற்று. எதிரணி கிளெம்சன். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தவர் மேலே போகலாம். முதல் நாள் ஓக்லஹோமா 9-2 என்று சுலபமாக ஜெயித்து 47-ஐத் தொட்டாகிவிட்டது. இரண்டாம் ஆட்டத்தில் ஜெயித்தால் 48, புதுச் சாதனை.

வீட்டில் தோசை மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். போனை மிக்ஸி மேல் சாய்த்து வைத்திருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் வர்ணனை கேட்கவில்லை, ஸ்கோர் மட்டும்தான் தெரிந்தது. கிளெம்சன் 7, ஓக்லஹோமா 4. ஏழாவது இன்னிங்ஸ். கிரைண்டரை நிறுத்திவிட்டேன்.

கிளெம்சனை லேசாக நினைக்காதீர்கள். அங்கே சாஃப்ட்பால் அணி ஆரம்பித்தே அப்போதுதான் நான்கு வருடம் ஆகியிருந்தது, ஆனால் வாலரி கேகிள் என்று ஒரு பெண் இருந்தார். பந்தும் போடுவார், பேட்டிலும் விளாசுவார். அந்த வருடம் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதே அவருக்குத்தான்.

இரண்டு பேர் அவுட். இரண்டு பேர் பேஸில். மூன்று ரன் பின்னால். பேட் பிடித்து நின்றது கின்சி ஹேன்சன், அணியின் கேட்ச்சர். அவர் அவுட்டானால் அந்த ஆட்டம் போச்சு, தொடர் வெற்றி போச்சு, அடுத்து முடிவு ஆட்டம்.

கேட்ச்சர் பேட் பிடிக்க வரும்போது என் உடம்பு தானாக இறுகும். ஆறு இன்னிங்ஸ் குத்தவைத்து உட்கார்ந்த தொடை எப்படி நடுங்கும் என்று எனக்குத் தெரியும். பேட் சுற்றுவதற்கு வேண்டிய பலமே அங்கிருந்துதான் வர வேண்டும். ஹேன்சன் சுற்றினார். பந்து வேலிக்கு அந்தப் பக்கம், அதாவது ஹோம் ரன், பேஸில் நின்ற இருவரோடு அவரும் சுற்றி வந்தார். மூன்று ரன். 7-7.

சமையலறையில் நான் போட்ட கத்தலில் என் பெண் மாடியிலிருந்து ஓடி வந்தாள், கை அரைபட்டுவிட்டதோ என்று.

ஒன்பதாவது இன்னிங்ஸில் டியாரே ஜென்னிங்ஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார். 8-7. முடிந்தது. 48.

அந்த மைதானத்தில் அதுதான் கடைசி ஆட்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரீட்டா ஹைன்ஸ் ஃபீல்டு, 1998-இலிருந்து இவர்களின் வீடு. பக்கத்திலேயே புது மைதானம் எழும்பிக்கொண்டிருக்கிறது, அடுத்த சீசன் அங்கேதான். பழைய வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற நாளில் தோற்றுப் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

சோப்ளாங்கி எதிரணி என்று கேட்டவருக்கு: அன்றைக்கு இவர்கள் தோற்பதற்கு ஒரே ஒரு அவுட்தான் பாக்கி இருந்தது.

11 ஜூன் 2023, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பேய்லர் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டேன். அது சரியில்லை.

அந்தத் தோல்வி பிப்ரவரியிலேயே வந்ததுதான் இந்த அணிக்கு நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். தோற்காமலே போகும் அணியின் மேல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாரம் ஏறும். இவர்களுக்கு அது ஒன்பதாவது ஆட்டத்திலேயே இறங்கிவிட்டது. முழு சீசனும் தோல்வியே இல்லாமல் என்ற பேச்சுக்கு இடமில்லை. அப்புறம் 53 ஆட்டம்.

இதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆடியவள் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது.

12 ஜூன் 2023

ஓக்லஹோமா சிட்டிக்கு நேரில் போனோம், ஜூன் 1 அன்று. ஸ்டான்ஃபோர்டுடன் முதல் ஆட்டம். ஹால் ஆஃப் ஃபேம் ஸ்டேடியத்தில் 13,000 பேர் உட்காரலாம். பெண்கள் ஆடும் ஒரு கல்லூரி ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம். எனக்கு முன் வரிசையில் தாத்தா ஒருவர் பென்சிலால் ஸ்கோர் அட்டை எழுதிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. அவர் மனைவி கறுப்பு முலாம்பழம் மாதிரி ஒரு பெரிய குடுவையில் ஐஸ் டீ வைத்திருந்தார், கேட்காமலே என் பெண்ணுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

2-0 என்று ஜெயித்தார்கள். ஜோர்டி பால் பந்து போட்டார். "பேரே பாலா?" என்று என் பெண் கேட்டாள், ஆட்டம் முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். டிவியில் பார்ப்பது வேறு, நேரில் வேறு. பந்து கேட்ச்சரின் கையுறையில், மிட் என்பார்கள், விழும் சத்தம், பலகையில் ஆணி அடித்த மாதிரி, மேல் வரிசைவரை வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் இடது கை தானாக மடங்கியது.

அந்தத் தொடர் முழுக்க, 24 இன்னிங்ஸுக்கு மேல், பால் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தை 5-0 என்று தனியாளாக முடித்தார். தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான்.

ஆனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது ஜேடா கோல்மன். அவர் படித்த பள்ளி இருக்கும் தி காலனி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நாங்கள் மளிகை வாங்கப் போகும் ஊர். கடைசி ஆட்டத்தில், மூன்றாவது இன்னிங்ஸ், இன்னும் யாரும் ரன் எடுக்கவில்லை. ஃபுளோரிடா ஸ்டேட் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போகிறது. கோல்மன் பின்னாலேயே ஓடி, வேலியில் எகிறி, கையை அந்தப் பக்கம் நீட்டி, பந்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஹோம் ரன் ஆகியிருக்க வேண்டியது, அவுட் ஆயிற்று. அடுத்த இன்னிங்ஸில் அவர்கள் உண்மையிலேயே ஒரு ஹோம் ரன் அடித்து 1-0 என்று முன்னால் போனார்கள். ஐந்தாவதில் சிட்னி சாண்டர்ஸ் ஒன்று, கிரேஸ் லயன்ஸ் ஒன்று, இரண்டுமே வேலிக்கு வெளியே. 2-1. அப்புறம் இன்னொரு ரன். கடைசியில் பால் வந்து பூட்டுப் போட்டார்.

கோல்மன் அந்தப் பந்தை விட்டிருந்தால்? இதைத்தான் நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

13 ஜூன் 2023

ஜோர்டி பால் அணியை விட்டுப் போகிறாராம். சொந்த மாநிலம் நெப்ராஸ்காவுக்கே திரும்புகிறார். கோப்பை வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இப்போதைக்கு எனக்கு எழுத ஒன்றும் வரவில்லை.

15 ஜூன் 2023

"மற்ற கல்லூரிகளில் வளர்ந்தவர்களை அள்ளிக்கொண்டு வந்து ஜெயிக்கிறார்கள், பால் போனதற்கு மட்டும் அழுகையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. அலெக்ஸ் ஸ்டொராகோ மிச்சிகனிலிருந்து வந்தவர். ஹேலி லீ டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிலிருந்து. சிட்னி சாண்டர்ஸ் அரிசோனா ஸ்டேட்டிலிருந்து. அலிசா பிரிட்டோ அதற்கு முந்தைய வருடம் ஓரிகனிலிருந்து. கடைசி ஆட்டத்தில் சமன் செய்த ஹோம் ரனே சாண்டர்ஸ் அடித்ததுதான். பணமும் பேரும் இருக்கும் இடத்துக்கு நல்ல ஆட்டக்காரர்கள் போகிறார்கள். சின்னக் கல்லூரிகள் வளர்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்று. ஐந்தாறு ஊரிலிருந்து நட்சத்திரங்களைக் கூட்டி வந்தால் அணி ஆகிவிடாது. இருப்பது ஒன்பது இடம்தான். அவரவர் பழைய கல்லூரியில் தினமும் ஆடியவர்கள், இங்கே வந்து சில நாள் பெஞ்சில் உட்கார வேண்டும். ஸ்டொராகோ மிச்சிகனில் முதன்மைப் பிட்ச்சர். இங்கே மூன்று பேரில் ஒருவர். சாமியை வரம் கேட்டு நிற்கிற மாதிரி தன் முறைக்காகக் காத்திருந்தார், கடைசி ஆட்டத்தை ஆரம்பிக்கும் பொறுப்பு அவரிடம்தான் வந்தது.

பால் விஷயத்தில் இரண்டு நாள் யோசித்துவிட்டேன். இருபது வயதை ஒட்டிய பெண்ணுக்கு வீட்டு ஞாபகம் வருகிறது, போகிறார். எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 13-ஆம் தேதி எனக்கு வந்தது கோபம் இல்லை, ஏக்கம்.

18 ஜூன் 2023

இறுதிச் சுற்றுக்கு முன்பு நடந்த பத்திரிகையாளர் சந்திப்பை யாரோ அனுப்பியிருந்தார்கள். இவ்வளவு அழுத்தத்தில் எப்படிச் சிரித்துக்கொண்டே ஆடுகிறீர்கள் என்று கேள்வி. லயன்ஸ், கோல்மன், பிரிட்டோ மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். லயன்ஸ் தன் கிறிஸ்தவ நம்பிக்கையைச் சொல்கிறார்: ஜெயிப்பதில் வரும் சந்தோஷம் நிற்காது, ஆண்டவரிடமிருந்து வருவது மட்டும்தான் நிற்கும் என்று. மற்ற இருவரும் அதையே தங்கள் வார்த்தையில் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருப்பது முருகன். ஆனால் அந்தப் பெண் சொன்னது எனக்கு அப்படியே புரிந்தது. லயன்ஸ் ஷார்ட் ஸ்டாப், இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர். அவர் பக்கம் பந்து போனால் பிட்ச்சர் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை, அப்படிப்பட்ட தடுப்பாட்டக்காரர். தப்பு செய்தால் உலகமே இடிந்துவிடும் என்று நினைக்கிற கை அந்த மாதிரி இலகுவாக இருக்காது. என் கை இருந்ததில்லை.

25 ஜூன் 2023

நான் எந்தக் கல்லூரி, எங்கே ஆடினேன் என்று கேட்கிறார்கள். கோயம்புத்தூர். கல்லூரிப் பெயர் வேண்டாம். செம்மண் மைதானம், மழை பெய்தால் ஒரு வாரம் ஆட முடியாது. அணியில் பன்னிரண்டு பேர், கிளவுஸ் எட்டு. எதிரணி பேட் செய்து முடித்ததும் கிளவுஸை அவர்களிடம் கொடுத்துவிட்டு வருவோம், அவர்களும் அப்படித்தான். கேட்ச்சர் மிட் ஒன்றே ஒன்று. விரல் நடுவில் இருக்கும் வலைப்பின்னல் அறுந்துபோய், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நைலான் நூலால் தைத்து வாங்கினேன். மூன்று ரூபாய் வாங்கினார். இது எதற்கு என்று கேட்டார். பந்து பிடிக்க என்றேன். "இவ்வளவு பெரிய கையா" என்றார்.

கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், எதிரணிப் பெண் மூன்றாவது பேஸில் நிற்கிறாள். எங்கள் பிட்ச்சர் தாழ்வாக ஒரு பந்து போட்டாள். மண்ணில் பட்டு எகிறி வரும் பந்துக்குக் கேட்ச்சர் முட்டி போட்டு உடம்பால் அணை கட்ட வேண்டும். கையால் எட்டக் கூடாது. ஆயிரம் தடவை செய்தது. அன்றைக்குக் கையால் எட்டினேன். தைத்த இடத்துக்குக் கீழே பந்து நழுவிப் போயிற்று. திரும்பி ஓடி எடுப்பதற்குள் மூன்றாவது பேஸில் நின்றவள் கடைசி பேஸுக்கு ஓடி வந்துவிட்டாள்.

பி.டி. மேடம் திட்டவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்த ஆட்டத்துக்கு அப்புறம் ஒரு சீசன் ஆடினேன். ஒவ்வொரு தாழ்ந்த பந்துக்கும் வயிறு கலங்கும். ஒரே ஒரு பந்து என் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது. அதனால்தான் பிப்ரவரி 19-இல் தோற்ற பெண்கள் அதற்கடுத்த ஆட்டத்தில் எப்படி நின்றிருப்பார்கள், அதற்கடுத்த ஆட்டத்தில் எப்படி நின்றிருப்பார்கள் என்றே என் புத்தி போகிறது. நீங்கள் 61-ஐப் பார்க்கிறீர்கள், நான் அந்த ஒன்றைப் பார்க்கிறேன்.

26 ஜூன் 2023

தையல் கூலி மூன்று ரூபாய் இல்லை, ஐந்து. தோழி போன் செய்து திருத்தினாள். கொடுத்தது அவள்தானாம்.

2 ஆகஸ்ட் 2023

பயிற்சியாளர் பேட்டி காஸோ பற்றி எழுதச் சொன்னார்கள்.

கலிஃபோர்னியாவில் லாங் பீச் சிட்டி கல்லூரியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். 1995 சீசனிலிருந்து ஓக்லஹோமாவில் இருக்கிறார். வந்தபோது பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக சாஃப்ட்பால் மைதானம் கிடையாது. ரீவ்ஸ் பார்க் என்ற நகராட்சிப் பூங்காவில் ஆடினார்கள். 1998-இல்தான் சொந்த இடம். 2000-இல் யுசிஎல்ஏவை (லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஜெயித்து முதல் கோப்பை. அதற்கடுத்தது 2013. நடுவில் பதின்மூன்று வருடம்! நாம் எல்லோரும் கடைசி மூன்று வருடத்தை மட்டும் பார்த்து இவர்கள் எப்போதும் ஜெயிப்பவர்கள் என்கிறோம். 2013, 2016, 2017, அப்புறம் 2021, 2022, 2023. மொத்தம் ஏழு. தொடர்ந்து மூன்று வாங்கியது இதற்கு முன் யுசிஎல்ஏ மட்டும்தான், 1988 முதல் 1990 வரை.

பேட்டிங் பயிற்சியாளர் அவர் மகன் ஜே.டி. காஸோ. பிட்ச்சர்களைப் பார்த்துக்கொள்பவர் ஜெனிஃபர் ரோச்சா. என்ன பந்து போட வேண்டும் என்று இப்போதெல்லாம் வெளியிலிருந்து எண்ணாகச் சொல்கிறார்கள், கேட்ச்சர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து அதைப் புரிந்துகொள்கிறார். எங்கள் காலத்தில் தொடைக்கு நடுவில் விரல் காட்டுவதுதான். அட்டை வந்தது எனக்குக் கொஞ்சம் வருத்தம். கேட்ச்சரின் பாதி சுகம் அந்த ரகசியத்தில்தான் இருந்தது.

இன்னொன்று. 1972-இல் அமெரிக்காவில் வந்த சட்டம், டைட்டில் நைன் என்பார்கள், அரசுப் பணம் வாங்கும் கல்லூரிகளில் பெண் என்பதால் எதையும் மறுக்கக் கூடாது என்றது. பெண்கள் விளையாட்டுக்கு உதவித்தொகை, மைதானம், பயிற்சியாளர் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. பூங்காவில் ஆடிய அணிக்கு 13,000 பேர் வருகிறார்கள் என்றால் அந்தச் சட்டத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. எட்டு கிளவுஸ் வைத்து ஆடியவளுக்கு இது நன்றாகவே உறைக்கும்.

11 பிப்ரவரி 2024

நெப்ராஸ்காவுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஜோர்டி பாலுக்கு முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. சீசன் முழுக்க ஆட முடியாது. என் பெண் அழுதாள். இனி அவர் பேரை வைத்துச் சிரிக்க மாட்டேன் என்கிறாள்.

4 மார்ச் 2024

முடிந்தது. நேற்று லூயிசியானா அணி 7-5 என்று எட்டு இன்னிங்ஸில் ஓக்லஹோமாவைத் தோற்கடித்தது. 2023-இன் 53-உடன் இந்த வருடத்து 18 சேர்ந்து 71-இல் நின்றது. அதுவும் லவ்ஸ் ஃபீல்டில், திறந்து மூன்று நாள்கூட ஆகாத புது மைதானத்தில்.

ஜூன் 11 அன்று பழைய மைதானத்தில் தோற்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எழுதியிருந்தேன். அங்கே தோற்காமல் வந்தார்கள், புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு தோற்றார்கள்.

7 ஜூன் 2024

நான்காவது! டெக்சாஸை ஜெயித்துத் தொடர்ந்து நான்கு. இதுவரை யாரும் செய்யாதது. அதற்கு முன் அரையிறுதியில் ஃபுளோரிடாவோடு எட்டாவது இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்த ஹோம் ரன் அடித்தது யார் தெரியுமா? எங்கள் தி காலனிப் பெண் ஜேடா கோல்மன்.

ஆனாலும் என்னைக் கேட்டால் 2023 அணிதான். இந்த வருடம் ஏழு ஆட்டம் தோற்று எழுந்து வந்தார்கள், அதன் அழகு வேறு. 2023-இல் பார்த்தது இன்னொரு முறை கிடைக்காது.

30 ஜூன் 2024

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வருகிறது. ஆட்டங்களை ஓக்லஹோமா சிட்டியில் அதே ஸ்டேடியத்தில் வைக்கப்போகிறார்களாம், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல். எங்களுக்கு மூன்று மணி நேரம். இப்போதே லீவு எழுதிக் கொடுக்கத் தயார்.

3 ஜூன் 2025

ஏறக்குறைய ஒரு வருடமாகத் தூங்கிக் கிடந்ததை மறுபடி எழுப்புகிறேன். முதல் கேள்விக்குப் பதில் நேற்றுக் கிடைத்தது.

2023 தொடரில் ஓக்லஹோமா ஸ்டான்ஃபோர்டை இரண்டு தடவை ஜெயித்தது. நான் நேரில் பார்த்த 2-0. அப்புறம் அரையிறுதியில் 4-2, அதுவும் ஒன்பது இன்னிங்ஸ் இழுத்து, ஜென்னிங்ஸின் கடைசி நேர அடியால். ஸ்டான்ஃபோர்டில் அப்போது நைஜரி கனடி என்று முதல் வருட மாணவி ஒருவர் இருந்தார், கேன்சஸ்காரர். அந்த வருடம் நாட்டிலேயே மிகக் குறைவாக ரன் கொடுத்த பிட்ச்சர், சராசரி 0.57. இதை 2023-இல் எழுத விட்டுப்போயிற்று. பால் மயக்கத்தில் இருந்தேன்.

கனடி அப்புறம் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம். நேற்று அரையிறுதி, அதே ஸ்டேடியம், எதிரில் ஓக்லஹோமா, தொடர்ந்து ஐந்தாவது கோப்பைக்கு. ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், ஓக்லஹோமா 2-0 பின்னால். எல்லா பார்க்கர் ஹோம் ரன் அடித்து 2-2 ஆக்கினார். மே 27 அப்படியே திரும்பி வந்த மாதிரி இருந்தது, எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் அதே இன்னிங்ஸில் டெக்சாஸ் டெக் ஒரு ரன் எடுத்து 3-2 என்று முடித்தது. ஆட்டம் முழுக்கப் பந்து போட்டது கனடி.

எதிரணிகள் சோப்ளாங்கியா என்று கேட்டீர்கள். 2023-இல் ஓக்லஹோமா தாண்டி வந்தவர்களில் இந்தப் பெண்ணும் ஒருவர். அப்போது அவர் முதல் வருட மாணவி.

5 ஜூன் 2025

கேட்டவரே பதில் போட்டிருக்கிறார், தன் மகளும் பள்ளியில் ஆட ஆரம்பித்திருக்கிறாள், கேட்ச்சராக நிற்கச் சொல்கிறார்கள், விடலாமா என்று.

விடுங்கள். முதல் நாளே முட்டி போட்டு உடம்பால் தடுக்கச் சொல்லிக் கொடுங்கள். மிட் புதிது என்றால் விறைப்பாக இருக்கும், உள்ளே பந்தை வைத்துக் கயிறு கட்டித் தலையணைக்கு அடியில் நாலு ராத்திரி வைக்கட்டும். உள்ளங்கை வீங்கும், ஐஸ் வையுங்கள். இரண்டாம் வாரம் எனக்கு எழுதுங்கள்.